ஆமை முட்டை, கலவா மீன்: அதே ஜீன்கள்தான், எது விழிக்கிறது எது அடங்குகிறது என்பதில் ஆண், பெண் மாறுகிறது. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தனுஷ்கோடியிலிருந்து:

அரிச்சல்முனைப் பக்கம் பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டுப் போனதும், நாய்கள் கிளறுவதற்குள் வனத்துறை ஆட்கள் எடுத்துவந்து பொரிப்பக மணலில் புதைப்பார்கள். முட்டையை உருட்டக்கூடாது, எடுத்த வாக்கிலேயே வைக்க வேண்டும். நான் கூடப்போனபோது அங்கிருந்த பெரியவர் மணலுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டு, "மேலே கீற்று போடும்மா, ரொம்பச் சூடானா எல்லாம் பொட்டையாப் போயிரும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. கடலாமைக்கு, நம்மைப் போல ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம் கிடையாது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் அதிகம், கீழே இருந்தால் ஆண் அதிகம். சரி, சூடு எப்படி ஜீனுக்குத் தெரிகிறது? செங்காது ஆமை என்ற நன்னீர் ஆமையில் 2018-ல் கண்டுபிடித்தார்கள். குளிர்ந்த முட்டையில் கேடிஎம்6பி என்ற ஜீன் மும்முரமாக வேலை செய்கிறது. டிஎன்ஏ சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒட்டியிருக்கும் மீதைல் குறிகள் என்ற சின்ன வேதி அடையாளங்களை அதன் நொதி அகற்றிவிடுகிறது. அந்தக் குறியால் அடங்கிக்கிடந்த டிஎம்ஆர்டி1 ஜீன் அப்போதுதான் விழிக்கிறது, விந்தகம் உருவாகிறது. கேடிஎம்6பி-யை அடக்கிவிட்டால், குளிரில் வைத்த கருவிலும் பெரும்பாலானவை பெண்ணாகிவிட்டன! இதைப் படித்த பிறகு அந்தக் கீற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை.

பாம்பனிலிருந்து:

தங்கச்சி, உங்கள் ஆமைக்கு முட்டைக்குள்ளே நடப்பது எங்கள் கலவாவுக்கு வளர்ந்த பிறகு நடக்கிறது. வயிற்றைக் கீறினால் சின்னதில் சினை, நன்றாகப் பெருத்ததில் வெள்ளையாகப் பால், அதாவது விந்து. பெண்ணாக இருந்ததுதான் ஆணாகிறது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதியின் ஜீன் அடங்கியதும், சினைப்பை சுருங்கி விந்தகம் வளர்கிறதாம். மீன் ஆராய்ச்சிப் படிப்பு முடித்த எங்கள் ஊர்ப் பையன் விளக்கினான். பெரிய கலவாவாகவே பார்த்துப் பிடித்தால் ஆண் அற்றுப்போகும் என்பது என் கவலை.

தனுஷ்கோடியிலிருந்து:

நியாயமான கவலை அண்ணே. ஆமையிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. முழுக்க நிழல் போட்டால் முட்டையிடப் பெண் இருக்காது. அதனால் பெரியவர் பாதி வரிசைக்குத்தான் கீற்று போட்டார்.