மெய்ட் சாமா: மிசாகியைத் தொடர் நம்பியதா?

பனித்துளி

விடுமுறையில் 'மெய்ட் சாமா' என்ற ஜப்பானிய அனிமேவை (அனிமேஷன் தொடர்) முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். நாயகியை நடுவில் வைத்து எடுத்த பள்ளிக்காலக் காதல் காமெடி எது என்று புதியவர்கள் கேட்டால் நம்மில் பாதிப் பேர் இதைத்தான் கைகாட்டுகிறோம். 26 எபிசோடும் முடித்த பிறகு எனக்கு அப்படிக் கைகாட்ட மனம் வரவில்லை. மிசாகி போன்ற ஒரு பெண்ணைப் படைத்துவிட்டு, அவளால் எதையும் சொந்தமாகச் சாதிக்க முடியும் என்று தொடரே நம்பாமல் போய்விட்டது.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். செய்க்கா என்ற பள்ளி முன்பு பையன்கள் மட்டும் படித்தது. பெண்களைச் சேர்க்கத் தொடங்கிச் சில காலமே ஆகியிருப்பதால் இன்னும் 80 சதவீதம் பேர் பையன்கள். அங்கே மாணவர் மன்றத்தின் முதல் பெண் தலைவி அயுசாவா மிசாகி. அப்பா கடனை வைத்துவிட்டு ஓடிப்போனவர். குடும்பச் செலவுக்காக மிசாகி 'மெய்ட் லாத்தே' என்ற கஃபேயில் பணிப்பெண் உடை போட்டுப் பரிமாறுகிறாள். சக மாணவர்களுக்குத் தெரிந்தால் தலைவி என்ற மரியாதை போய்விடும் என்று பயம். அதை உசுயி தக்குமி என்ற மாணவன் பார்த்துவிடுகிறான்.

இப்போது என் குறை. முதல் எபிசோடிலேயே மிசாகி வேலைப்பளு தாங்காமல் காய்ச்சலில் விழுகிறாள். படிப்பில் முதலிடம், மன்ற வேலை, வீடு, கஃபே என்று எல்லாவற்றையும் ஒருத்தியே சுமக்கிறாள். இந்தச் சிக்கலுக்கு இயல்பான தீர்வு எது? மன்றத்தில் மற்றவர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கப் பழகுவது, பள்ளியில் இருக்கும் மற்ற பெண்களை மன்றத்துக்குள் கொண்டுவருவது. தொடர் தரும் தீர்வோ உசுயி. அவள் விழும்போதெல்லாம் தாங்கிப் பிடிக்க ஒருவன் இருக்கிறான் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மன்றத்தில் துணைத்தலைவன் யுகிமுராவைத் தவிர யாருடைய முகமாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அந்த யுகிமுராவுக்கும் பெண் வேடம் போட்டுச் சிரிக்கவைப்பதுதான் வேலை.

நெய்தல்

பனித்துளி, மிசாகி மேல் உங்களுக்கு இருக்கும் அன்பு புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பது வேறொரு கதை. இது மாணவர் மன்றத்தைப் பற்றிய நாடகம் இல்லை, காதல் காமெடி. அதில் நாயகனுக்கு இடம் இருக்கத்தான் செய்யும்.

உசுயி என்ன செய்தான் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பெண்ணின் ரகசியம் ஒரு பையன் கையில் கிடைக்கிறது. இந்த வகைக் கதைகளில் அடுத்து வருவது மிரட்டல்தான். உசுயி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கஃபேக்கு வந்து ஒரு மேசையில் உட்கார்ந்து எதையாவது ஆர்டர் செய்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். கஃபே வேலையை விடு என்றோ தலைவி பதவி உனக்கு எதற்கு என்றோ அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவளை அப்படியே பிடித்திருக்கும் ஒருவன்.

அடுத்தது, உதவியை ஏற்றுக்கொள்ளப் பழகுவதும் ஒரு வளர்ச்சிதான். அப்பா ஓடிப்போன வீட்டில் வளர்ந்த மூத்த பெண்ணுக்கு ஆண்கள் மேல் நம்பிக்கை வராது. அந்த நம்பிக்கை மெல்ல மெல்ல வருவதைத்தான் தொடர் காட்டுகிறது. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

பனித்துளி

மிரட்டவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மற்றதெல்லாம் சரியாகிவிடாது, நெய்தல். கஃபே ஆட்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போகும் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். மிசாகி நீச்சலுடை போட்டிருக்கிறாள். மற்ற பையன்கள் அவளைப் பார்ப்பது உசுயிக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்கிறான்? அவள் முதுகில் முத்தமிட்டு, சிவந்த தடம் பதியும்படி விட்டுவிடுகிறான். அந்தத் தடத்தோடு வெளியே நிற்க முடியாது என்பதால் அவள் உடம்பை மூடிக்கொள்ள வேண்டியதாகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை இனிமையான பொறாமையாகக் காட்டி, நம் நெஞ்சு படபடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது தொடர்.

அவள் அவனை 'விகாரம் பிடித்த வேற்றுகிரகவாசி' என்று திட்டுவதை எல்லோரும் ரசிக்கிறோம். அவள் உண்மையிலேயே மறுக்கும் இடத்தையும் அதே நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எது விளையாட்டு, எது மறுப்பு என்று பிரித்துக் காட்ட 26 எபிசோடில் ஒரு காட்சிகூட இல்லை.

ரயில்பூச்சி

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பனித்துளி சொல்லும் பல குறைகளுக்குக் காரணம் தயாரிப்பு நடந்த காலம். இந்தத் தொடருக்கு மூலமான ஃபுஜிவாரா ஹிரோவின் மங்கா (சித்திரக்கதை) 'லாலா' இதழில் 2005 கடைசியில் தொடங்கி 2013 வரை வந்தது, மொத்தம் 18 தொகுதிகள். ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டூடியோ அனிமே எடுத்தது 2010-ல். அப்போது மங்கா பாதி வழியில்தான் இருந்தது. உசுயி யார், எந்தக் குடும்பத்துப் பிள்ளை, ஏன் தனியாக வாழ்கிறான் என்பதெல்லாம் மங்காவின் பிற்பகுதியில்தான் விரிவாக வருகிறது. இங்கிலாந்தில் வாக்கர் என்ற பெரிய குடும்பம், அவர்கள் மறைத்து வைக்க நினைத்த பிள்ளை உசுயி. ஒரு கட்டத்தில் அவனைச் செய்க்காவிலிருந்து பிடுங்கி மியாபிகாவோகா என்ற பணக்காரப் பள்ளியில் சேர்க்கிறார்கள். பிறகு இங்கிலாந்துக்கே கொண்டுபோகிறார்கள். அவனைத் தேடி அங்கே போவது மிசாகி. யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பது அங்கே அப்படியே தலைகீழாகிறது.

இது எதுவும் இல்லாத அனிமேயில் உசுயி எப்படித் தெரிகிறான்? வயலின் வாசிக்கிறான், சமையல்காரர் இல்லாத நாளில் கஃபே சமையலறையில் இறங்கிச் சமைக்கிறான், சண்டை போடுகிறான், படிப்பிலும் விளையாட்டிலும் முதலில் வருகிறான். எதற்கும் அவன் விலை கொடுத்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் மிசாகியின் உழைப்பு அவன் பக்கத்தில் சின்னதாகிப் போகிறது. அவள் இரவெல்லாம் கண்விழித்து எட்டும் இடத்தை அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே எட்டிவிடுகிறான்.

இயக்குநர் சகுராய் ஹிரோவாகி அடிப்படையில் காமெடி ஆள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'குரோமார்ட்டி' பள்ளித் தொடரும், பின்னாளில் வந்த 'சைக்கி கே'யும் அவர் எடுத்தவைதான். சின்னச் சின்ன நகைச்சுவைத் துண்டுகளை அடுக்குவதில் கெட்டிக்காரர். 'மூன்று முட்டாள்கள்' என்று அழைக்கப்படும் செய்க்கா மாணவர்கள் வரும் காட்சிகளில் அந்தக் கை நன்றாகவே தெரியும். நீண்ட கோடாக ஒரு மனுஷியின் மாற்றத்தைப் பின்தொடர்வதற்கு இங்கே அவர் இடம் ஒதுக்கவில்லை.

நெய்தல்

ரயில்பூச்சி, உசுயி எந்த விலையும் கொடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு புகைப்படத்தை மீட்பதற்காக மொட்டை மாடியிலிருந்து குதிக்கிறானே, அது மிசாகி பணிப்பெண் உடையில் இருக்கும் படம். அடிபட்ட பிறகு மிசாகி அவன் வீட்டுக்குப் போகிறாள். உயரமான அடுக்குமாடியில் பெரிய வீடு, ஆள் நடமாட்டமே இல்லை. அம்மா அப்பா பற்றி ஒரு பேச்சும் இல்லை. இங்கிலாந்து கதை தெரியாமலேயே அந்த வீட்டைப் பார்த்தவுடன் இவனுக்கு யாரும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டுமா?

வாசல்படி

எனக்கு உசுயியைப் பற்றிய சண்டையைவிட முக்கியமாகப் படுவது கஃபே. கல்லூரிக் காலத்தில் மாலை நேரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள் நான். மிசாகி கால் வலிக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது, இதை எழுதியவருக்கு அந்த அலுப்பு தெரியும் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் வறுமையும் ஒரு வேடிக்கையாகிவிடுகிறது. வீட்டுத் தரை உடைகிறது, சிரிப்பு. தங்கை சுசுனா பரிசுப் போட்டிகளுக்கு எழுதிப் போட்டு வீட்டுக்கு வேண்டிய பொருள்களை வென்று வருகிறாள், அதுவும் சிரிப்பு. சுசுனாவை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அந்தக் கடன் என்ன ஆயிற்று என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொன்று, எனக்கு ரொம்பவும் வலித்த இடம். மெய்ட் லாத்தேயில் மிசாகி நல்ல வேலைக்காரி. மேலாளர் சத்சுகி அவளைத் தன் வீட்டுப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறார். அங்கே அவளுக்கு மரியாதை இருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள், சம்பளம் இருக்கிறது. அப்படியிருக்க இது ஏன் வெட்கப்பட வேண்டிய வேலை? இந்தக் கேள்வியை மிசாகி ஒருநாளாவது தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமா? கடைசி எபிசோட் வரை பள்ளிக்குத் தெரியாமல் மறைப்பதுதான் பதற்றம். நெருங்கிய தோழி சாகுராவிடம் இதைச் சொல்லும் காட்சி ஒன்று இருந்திருந்தால் இத்தனை முத்தக் காட்சிகளைவிட அதுதான் என் மனதில் நின்றிருக்கும்.

நெய்தல்

வாசல்படி அக்கா, நீங்கள் சொன்ன கஃபேதான் என் பக்கத்து வாதத்துக்கும் பலம். மிசாகி பள்ளியில் பையன்களைப் பார்த்துக் கத்துகிறாள், கஃபேயில் அதே வயதுப் பையன்களுக்குச் சிரித்த முகத்தோடு பரிமாறுகிறாள். முதலில் இரண்டும் வேறு வேறு மிசாகி. போகப் போக கஃபேயில் கற்ற பொறுமை பள்ளிக்கு வருகிறது. பையன்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்கத் தொடங்குகிறாள். மூன்று முட்டாள்களைப் பாருங்கள். அவளைக் கேலி செய்யக் காத்திருந்தவர்கள், ரகசியம் தெரிந்தபின் கஃபேயின் தீவிர வாடிக்கையாளர்களாகி அவளைக் கொண்டாடுகிறார்கள். இதில் உசுயியின் பங்கு அதிகம் இல்லை, அவள் சம்பாதித்தது. தொடர் அவளை நம்பவில்லை என்றால் இது எப்படி வந்தது?

பனித்துளி

அது முதல் பாதியில் வந்தது, நெய்தல். அதனால்தான் எனக்குக் கோபமே. முதல் சில எபிசோடுகளில் செய்க்கா ஒரு உயிருள்ள இடம். சட்டையைக் கழற்றிப் போட்டுத் திரியும் பையன்கள், ஒதுங்கி நடக்கும் பெண்கள், நடுவில் விசில் அடிக்காத குறையாக நிற்கும் தலைவி. இந்தப் பள்ளியைப் பெண்கள் நிம்மதியாகப் படிக்கும் இடமாக மாற்றுவேன் என்பது அவள் கனவு. கானோ வரும்போதும் அந்தச் சூடு இருக்கிறது. பெண்களை வெறுக்கும் முதலாண்டு மாணவன், மனவசியம் தெரிந்தவன். தூங்கினால் உசுயியை வெறுத்துவிடுவாய் என்று அவளுக்குள் ஏற்றிவிடுகிறான். அவள் தூங்காமல் போராடுகிறாள், அவனையும் மனிதனாக நடத்துகிறாள். அருமையான பகுதி.

பிறகு ஷிந்தானி ஹினாத்தா வருகிறான். சின்ன வயதுத் தோழன், மிசாகியைத் தேடிச் செய்க்காவுக்கே மாறி வந்தவன். அவன் கெட்டவன் இல்லை, வெகுளி. ஆனால் அவன் வந்த நாளிலிருந்து கதை இரண்டு பையன்களின் போட்டியாகிவிடுகிறது. பள்ளி பின்னணிப் படமாகிறது. இந்தப் பள்ளி மாறியதா, பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்று கடைசியில் ஒரு வரி பதில்கூட இல்லை. முத்தத்தோடு தொடர் முடிகிறது.

ரயில்பூச்சி

இகராஷி தோராவை யாரும் தொடவே இல்லையே. எனக்கு மிகப்பெரிய பிழை அங்கேதான். மியாபிகாவோகாவின் மாணவர் மன்றத் தலைவன், பணத்திமிர் பிடித்தவன். மிசாகியைத் தன் பள்ளிக்கு அழைத்து, உதவித்தொகை ஆசை காட்டி, அவள் மறுத்தவுடன் பலவந்தமாக அடக்கப் பார்க்கிறான். மிசாகி ஐக்கிடோ கற்றவள், தன் பள்ளியில் எந்தப் பையனையும் தூக்கி வீசக்கூடியவள். அந்த அறையில் மட்டும் உசுயி வந்துதான் அவள் மீள வேண்டியிருக்கிறது. அதைக்கூட மன்னிக்கலாம், பயத்தில் உடம்பு உறைந்துபோவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதன் பிறகு?

பட்லர் கஃபே (ஆண்கள் பணியாளர் உடையில் பரிமாறும் கஃபே) பகுதியில் அதே இகராஷி சிரித்த முகத்தோடு திரும்பி வருகிறான். மெய்ட் லாத்தே இருக்கும் இடத்தைப் பறித்து பட்லர் கஃபே ஆக்கும் திட்டம். மிசாகி ஆண் வேடத்தில் போட்டிக்குப் போகிறாள், காமெடி நடக்கிறது. தன்னிடம் அப்படி நடந்தவனைப் பார்க்கும்போது அவளுக்கு என்ன தோன்றியது என்பதைத் தொடர் கேட்கவில்லை.

நெய்தல்

இகராஷி விஷயத்தில் நான் தொடருக்காக வாதாட மாட்டேன். அந்தக் காட்சி எனக்கும் பிடிக்காது, திரும்பப் பார்க்கும்போது தாண்டிவிடுவேன். ஆனால் அதை வைத்து மொத்தத் தொடரையும் தள்ளிவிட முடியாது. பொதுப்பணி செய்கிற, கோபப்படுகிற, வேலைக்குப் போகிற, அதற்காக அழகிலோ காதலிலோ எதையும் இழக்காத ஒரு பெண்ணை அந்தக் காலத்தில் இந்த வகைத் தொடர்களில் எத்தனை இடத்தில் பார்த்தோம்? வாயில்லாத, எப்போதும் அழுகிற நாயகிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு மிசாகி பெரிய ஆறுதல். புதியவர்கள் கேட்டால் இப்போதும் இதைத்தான் சொல்வேன்.

வாசல்படி

சொல்லுங்கள் நெய்தல், நானும் சொல்வேன். ஆனால் அனிமே முடிந்ததும் மங்காவை எடுத்துப் படியுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடிப்போன அப்பா திரும்பி வருவதும், மிசாகி அவரை எப்படி எதிர்கொள்கிறாள் என்பதும் அங்கேதான் இருக்கிறது. அவளுடைய ஆண் வெறுப்புக்கு வேர் அவர்தான். அனிமே அந்த வேரைத் தொடவே இல்லை, உசுயியைக் கொண்டு வெறுப்பை மட்டும் ஆற்றப் பார்த்தது.

பனித்துளி

மங்காவைப் படிக்கச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. 2010-க்குப் பிறகு இரண்டாவது சீசன் வரவே இல்லை, அதனால் பெரும்பாலானவர்களுக்கு மிசாகி என்றால் இந்த 26 எபிசோட் மிசாகிதான். அதனால்தான் அனிமேயை அதன் கணக்கிலேயே எடைபோடுகிறேன். நெய்தல் சொன்ன மிசாகி, கோபப்படுகிற, உழைக்கிற மிசாகி, முதல் எட்டுப் பத்து எபிசோடில் இருக்கிறாள். அந்தப் பகுதியை நானும் யாருக்கு வேண்டுமானாலும் பரிந்துரைப்பேன். ஹினாத்தா வந்த பிறகு மன்ற அறையில் அவள் தலைவியாக எடுத்த ஒரு முடிவை யாராவது காட்டுங்கள், அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.