பிறர் வரைந்த பேட்டர்னில் செய்த மரப்பொருளை விற்க அனுமதி கேட்டபோது: அனுபவப் பகிர்வு

கோயம்புத்தூர் உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் அசைந்து அறுக்கும் சிறு எந்திரம்) வைத்துத் துளைவேலை, அதாவது பலகையின் உட்பகுதிகளை அறுத்தெடுத்து உருவம் அமைக்கும் வேலை, செய்து விற்கும் நம்மில் பலர் சொந்தமாக வரைவதில்லை. இணையத்தில் விலை கொடுத்து வாங்கிய பேட்டர்னையோ (எங்கே அறுக்க வேண்டும் என்று காட்டும் கோட்டுப்படம்), வெளிநாட்டு மரவேலை இதழில் வந்த வரைபடத்தையோ அச்செடுத்துப் பலகையில் ஒட்டி அறுக்கிறோம். வீட்டுக்கும் உறவினருக்கும் செய்து கொடுக்கும் வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. விற்கத் தொடங்கியதும்தான், "பேட்டர்னுக்குக் காசு கொடுத்தாயிற்று, மரமும் உழைப்பும் என்னுடையவை, இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?" என்ற கேள்வி எழுகிறது. எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

மயில் தோகை விரித்து நிற்பது போன்ற ஒரு சுவர்க்கடிகாரத்தின் பேட்டர்னை இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு வடிவமைப்பாளரிடமிருந்து வாங்கியிருந்தேன். வீட்டில் மாட்டியிருந்ததைப் பார்த்த பரிசுப்பொருள் கடைக்காரர் ஒருவர், தீபாவளிக்கு அதையே மொத்தமாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார். பேட்டர்னின் முதல் பக்கத்திலேயே 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்ததால், முன்பணம் வாங்குவதற்கு முன் வடிவமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த வாரத்திலேயே பதில் வந்தது. நான் என் கையால் அறுத்து விற்கலாம், லேசரிலோ சி.என்.சி.யிலோ (கணினி இயக்கும் வெட்டும் எந்திரம்) வெட்டக் கூடாது, பேட்டர்னின் கணினிக் கோப்பை வேறு எவருக்கும் தரக் கூடாது, கடிகாரத்தின் பின்புறம் வடிவமைப்பாளரின் பெயர் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 25 வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை அனுப்ப வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்.

கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. கோப்பை லேசர் கடையில் கொடுத்தால் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் ஒரே மாலையில் எல்லாம் வெட்டி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அனுமதி எனக்கும் என் கைவேலைக்கும் மட்டுமே தரப்பட்டது, அதை இன்னொரு பட்டறைக்கு மாற்றிக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று விளக்கினேன். அவர் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் கொடுக்க முடிந்தது. அந்த வருமானம் கைநழுவியதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்த நிபந்தனைகள் நியாயமானவை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஏன் என்றால், துளைவேலைப் பேட்டர்ன் என்பது வெறும் மயில் படம் அன்று. எந்த இடத்தை அறுத்து எடுத்தாலும் மிச்சமுள்ள மரம் உதிராமல் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மயிலின் கழுத்துக்கும் முதல் இறகுக்கும் நடுவே நெல்மணி அகலத்தில் ஒரு பாலம் விட்டிருந்தார். அதுவும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே அமைந்திருந்தது. குறுக்கே விட்டிருந்தால் தேய்ப்புத்தாள் பட்டதும் ஒடிந்திருக்கும். ஒவ்வொரு இறகின் கண்ணுக்கும் பிளேடு நுழைய ஒரு சிறு துளை போட வேண்டும். அந்தத் துளை முடிந்த வேலையில் தெரியாதபடி கண்ணின் கூர்முனைக்குள் மறையும்படி வரைந்திருந்தார். பல பலகைகளை வீணாக்கிப் பார்த்தவரால்தான் இப்படி வரைய முடியும். அந்த உழைப்பை நான் வாங்கிவிடவில்லை. அதன் ஒரு பிரதியைத்தான் வாங்கியிருக்கிறேன்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், ஒரு கலைப்படைப்பை எந்தப் பொருளிலும் மறுஆக்கம் செய்யும் உரிமை அதன் உரிமையாளருக்கே உரியது என்றும், தாளில் உள்ள படத்தை முப்பரிமாணப் பொருளாக ஆக்குவதும் அதில் அடங்கும் என்றும் இருக்கிறது. 30-ஆம் பிரிவின்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே தொலைபேசியில் "செய்துகொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னாலும், அதை ஒரு வரி மின்னஞ்சலாக அனுப்பும்படி கேட்டு வாங்கிவிடுகிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: உரிமத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் சட்டம் கொள்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் இதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுமதி கிடைத்தும் பயன்படாமல் போனதும் உண்டு. பணி ஓய்வு பெறும் ஓர் அதிகாரிக்கு நினைவுப்பரிசாக அசோகச் சிங்கச் சின்னத்தை மரத்தில் அறுத்துத் தரும்படி கேட்டார்கள். இணையத்தில் அதற்கு ஒரு பேட்டர்ன் இருந்தது, 'வணிகப் பயன்பாட்டு உரிமம் உண்டு' என்றும் போட்டிருந்தார்கள். ஆனால் நாட்டின் அரசுச் சின்னத்தை விதிகள் இடம் தராத வகையில் வணிகத்தில் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் தடை விதிக்கிறது. வரைந்தவர் தனக்கு இல்லாத உரிமையை எப்படித் தர முடியும்? கார்ட்டூன் பாத்திரங்கள், கிரிக்கெட் அணிச் சின்னங்கள் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். அவற்றின் பேட்டர்னை விற்பவரே பெரும்பாலும் அனுமதி பெற்றிருப்பதில்லை. அந்த நினைவுப்பரிசுக்கு அதிகாரியின் பெயரையும் பணிக்காலத்தையும் மட்டும் தேக்கில் அறுத்துக் கொடுத்தேன்.

டொராண்டோ உறுப்பினர்

கோவை அண்ணன் எழுதியதை வாசித்ததும் என்னுடைய அனுபவத்தையும் பதிய நினைத்தேன். நான் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். கோடைகாலச் சந்தைகளில் மரப்பெட்டிகளும் சுவர்ப்பலகைகளும் விற்கிறேன். இங்கு என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் பழைய மரவேலை இதழ்களில் வந்த பேட்டர்ன்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். பல இதழ்கள் முன்பக்கங்களில் ஒரு குறிப்பு அச்சிடுவதுண்டு. சில, வாசகர் பொருளைச் செய்து சிறிய அளவில் விற்கலாம் என்கின்றன. சில, விற்பனை பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

நான் விரும்பிய ஒரு நகைப்பெட்டியின் மூடியில் திராட்சைக்கொடி வேலைப்பாடு இருந்தது. இதழின் குறிப்பில் விற்பனை பற்றி எதுவும் இல்லாததால் பதிப்பகத்துக்கு எழுதினேன். வெளியிடும் உரிமையை மட்டுமே தாங்கள் வாங்கியதாகவும், பேட்டர்ன் வரைந்தவருக்கே சொந்தம் என்றும், அவர் காலமாகிவிட்டார் என்றும் பதில் வந்தது. இறந்தவரிடம் யார் அனுமதி கேட்பது என்று சந்தையில் நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் பதிப்புரிமை ஆளோடு போய்விடுவதில்லை. கனடாவில் 2022 டிசம்பர் 30 முதல் அது ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. இந்தியாவில் 60 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அது வாரிசுகளுக்கு உரியது. உரிமையாளரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வெளியான படைப்புகளுக்குக் கனடாவின் பதிப்புரிமை வாரியத்திடம் உரிமம் கேட்கவும் வழி இருக்கிறது.

எனக்கு அந்த அளவுக்குப் போகத் தேவை ஏற்படவில்லை. பதிப்பகமே என் கடிதத்தைக் குடும்பத்துக்கு அனுப்பி வைத்தது. வடிவமைப்பாளரின் மகள் பதில் எழுதினார். தகப்பனார் வரைந்ததை இன்னும் யாரோ அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே தமக்கு மகிழ்ச்சி என்றும், கட்டணம் வேண்டாம் என்றும், பெட்டியின் அடியில் அவருடைய பெயரைச் சுட்டு எழுதினால் போதும் என்றும் சொன்னார். அவ்வாறே செய்கிறேன். அந்தப் பெயரைப் பார்த்து யார் இவர் என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. நான் விவரம் சொல்கிறேன்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சாதாரண முக்காலி, புத்தக அலமாரி போன்றவற்றின் அளவும் மூட்டும் வெறும் பயன்பாடு சார்ந்தவை; அவற்றைப் பார்த்துச் செய்து விற்பதில் பெரும்பாலும் தடை இல்லை. அந்த வரைபடத் தாளையும் விளக்க உரையையும் நகலெடுத்து விற்பதுதான் தவறு. அலங்கார வேலைப்பாடு வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். என் பெட்டியில் பெட்டிக்கு அனுமதி தேவைப்படவில்லை, கொடிக்குத்தான் தேவைப்பட்டது.

மதுரை உறுப்பினர்

நான் இதில் மறுபக்கத்தில் இருப்பவள். கோலங்களை அடிப்படையாக வைத்து விளக்குக்கூடுகளுக்கும் சுவர்ப்பலகைகளுக்கும் பேட்டர்ன் வரைந்து கோப்பாக விற்கிறேன். "கோலம் எல்லாருக்கும் பொதுதானே, அதற்கு நீங்கள் எப்படி அனுமதி தர முடியும்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கோலம் பொதுதான், வாசலில் போடும் சிக்குக்கோலத்தை எவரும் எடுத்து மரத்தில் அறுத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அப்படியே அறுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கோட்டை மரமாக விட்டு இடைவெளிகளை அறுத்தால், ஒவ்வொரு சிக்குக்குள்ளும் இருக்கும் புள்ளி தாங்க ஒன்றும் இல்லாமல் கீழே விழுந்துவிடும். புள்ளியை விட்டுவிட்டால் கோலம் கோலமாக இருக்காது. அதனால் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு வேப்பிலை வடிவக் காம்பால் கோட்டோடு இணைக்கிறேன். உள்ளே விளக்கு எரியும்போது அந்த இலைகளின் நிழல் சுவரில் விழும்படி அவற்றின் திசையை அமைக்கிறேன். அந்த அமைப்பு என்னுடையது.

ஒரு கைவினைக் கண்காட்சியில் அந்த வேப்பிலைக் காம்புகளோடு ஒரு விளக்குக்கூட்டைப் பார்த்தேன். விற்றுக்கொண்டிருந்த தம்பி, வாட்ஸ்அப் குழு ஒன்றில் கோப்பு வந்ததாகவும், யார் வரைந்தது என்று தெரியாது என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. கோப்பில் இருந்த என் பெயரை வேறு யாரோ அழித்திருந்தார்கள். என் மூலக் கோப்பைக் கைப்பேசியில் காட்டியதும் உடனே பொருளை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா, முறையாக விற்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். கட்டணம் வாங்கிக்கொண்டு எழுத்தில் உரிமம் கொடுத்தேன், இன்றும் விற்றுவருகிறார். என்னை வருத்தியது அவர் அல்லர், பெயரை அழித்தவர்தான்.

நான் தரும் உரிமத்தில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருப்பதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தை அதன் கீழ்ப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவருடைய உரிமம் பெற்றவரோ தொழில்முறைச் செயல்பாட்டால் 50 தடவைக்கு மேல் பொருளாக ஆக்கிவிட்டால், அந்த வடிவத்தில் பதிப்புரிமை முடிந்துவிடும். "50 வரை யாரும் கேட்காமல் செய்யலாம்" என்று இதைச் சிலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு பரப்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நான் அளவில்லாமல் சி.என்.சி. உரிமம் கொடுத்தால் இழப்பு எனக்குத்தான். ஒவ்வொரு வடிவத்தையும் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் சந்தைக்கு வரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எது விற்கும் எது விற்காது என்று தெரியாத நிலையில், எல்லாவற்றையும் பதிய என்னைப் போன்ற தனியாளால் இயலாது.

"30 சதவீதம் மாற்றிவிட்டேன், இனி அது என் பேட்டர்ன்" என்று எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அப்படியொரு சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. எடுத்தது படைப்பின் முக்கியமான பகுதியா என்பதுதான் பார்க்கப்படும். கேட்டு எழுதியவர்களுக்கு நான் பெரும்பாலும் இசைவே தெரிவித்திருக்கிறேன். கேட்காமல் செய்துவிட்டு இப்படி வாதம் செய்கிறவர்களிடம் பேசத்தான் மனம் வருவதில்லை.

பெரம்பலூர் உறுப்பினர்

எங்கள் பக்கத்து அரும்பாவூர்ச் சிற்பிகளின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாமி உருவங்களின் அளவும் முத்திரையும் வழிவழியாக வந்தவை. அவற்றைச் செதுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வேறு ஊரில் சி.என்.சி.யில் குடைந்த பிள்ளையாரை அந்தப் பெயரில் விற்க முடியாது. வெளியூர் வியாபாரி ஒருவர், "உருவத்துக்கு உரிமை இல்லை என்றால் பெயருக்கு மட்டும் எப்படி?" என்று என் உறவினரிடம் வாதாடினார். உருவத்தை அவர் தாராளமாகச் செய்யட்டும், ஊர்ப்பெயரைப் போடக் கூடாது என்பதுதான் பதில்.

கோயம்புத்தூர் உறுப்பினர்

மதுரைச் சகோதரிக்கு நன்றி. 15-ஆம் பிரிவை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தனிச்செய்தியில் சிலர் அனுமதிக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டு வடிவமைப்பாளர்களுக்கு நான் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழில் தருகிறேன்.

"வணக்கம். உங்கள் இந்தப் பேட்டர்னை இந்த நாளில் வாங்கினேன், ரசீது இணைத்துள்ளேன். நான் தமிழ்நாட்டில் வீட்டுப் பட்டறையில் ஸ்க்ரோல் சாவால் தனியாக வேலை செய்பவன். இதைக் கொண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ இத்தனை பொருள்கள் செய்து, கண்காட்சியிலும் இணையத்திலும் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் விற்க விரும்புகிறேன். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரை நீங்கள் சொல்லும் விதத்தில் குறிப்பிடுவேன். கோப்பையோ அச்சுத்தாளையோ எவருக்கும் தர மாட்டேன். லேசரிலோ சி.என்.சி.யிலோ வெட்ட நேர்ந்தால் தனியாக அனுமதி கேட்பேன். கட்டணம், எண்ணிக்கை, காலம் ஆகியவற்றில் உங்கள் நிபந்தனைகளைப் பதிலில் எழுதி அனுப்ப வேண்டுகிறேன். நீங்கள் மறுத்தாலும் அதை மதித்து, சொந்தப் பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்வேன்."

படத்தையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வந்ததும் அச்செடுத்து, அந்தப் பேட்டர்ன் தாளோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். பதிலே வராவிட்டால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; வேறு பேட்டர்னைத் தேடுங்கள்.