மறு: ‘செரண்டிப்பிட்டஸ்’ – ‘தேடாப்பேறான’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றைத் தேடும்போது தேடாத வேறொரு நல்லது கிடைப்பதை ஆங்கிலத்தில் ‘செரண்டிப்பிட்டி’ (serendipity) என்கிறார்கள், அதன் பெயரடை ‘செரண்டிப்பிட்டஸ்’. இதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் அனுப்பிய மூன்று முன்மொழிவுகளையும் படித்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘எதிர்பாராத’ என்றாலே போதுமே, ஐயா. எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் எது புரியும்? எதிர்பாராத விபத்து, எதிர்பாராத மரணம், எதிர்பாராத வரி என்று அந்தச் சொல் எதற்கும் வளைந்துகொடுக்கும். செரண்டிப்பிட்டஸ் அப்படி வளையாது. செரண்டிப்பிட்டஸ் விபத்து என்று ஆங்கிலத்தில் எழுதினால், அந்த விபத்தால் நல்லது விளைந்தது என்றுதான் பொருள். ‘தற்செயலான’ என்பதிலும் இதே குறை. நன்மை தீமை எதுவும் சொல்லாமல் நிற்கும் அந்தச் சொல்லை ‘ஃபார்ச்சூட்டஸ்’ (fortuitous) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விட்டுவைக்கலாம். அதன் பழைய பொருளும் வெறும் தற்செயல்தான்.

> ‘அதிர்ஷ்டவசமான’? தனித்தமிழ் வேண்டும் என்றால் ‘ஆகூழான’. வள்ளுவர் சொல் (குறள் 371).

ஆகூழ் எனக்கும் பிடித்த சொல்தான், அம்மா. ஆனால் ஊழ் என்று வந்துவிட்டால் மனிதனுக்கு அங்கே வேலை இல்லை. லாட்டரியில் பரிசு விழுவது ஆகூழ். அதை யாரும் செரண்டிப்பிட்டி என்பதில்லை. இந்தச் சொல்லை உண்டாக்கிய ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல், 1754 ஜனவரி 28ஆம் தேதி ஹொரஸ் மான் என்பவருக்கு எழுதிய கடிதத்திலேயே இதைத் தெளிவாக்கிவிட்டார். ஒரு பழைய கதையில் வரும் செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவர், தாங்கள் தேடாதவற்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுகொண்டே போனார்கள் என்கிறார். இரண்டும் வேண்டும். அவர் காட்டும் எடுத்துக்காட்டு, வழியில் ஒருபக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைப் பார்த்து, முன்னே போன கோவேறு கழுதைக்கு ஒரு கண் குருடு என்று சொல்வது. மூலக்கதையில் அது ஒட்டகம். ஒட்டகத்தைக் காணாமலேயே அதன் அடையாளம் சொல்லும் கதை தமிழிலும் வழங்குகிறது. நம்மில் பலர் சிறுவயதில் கேட்டதுதான். ஆக, கதை நம்மிடம் இருந்தது, சொல்தான் இல்லை.

> செரண்டிப் என்பதே ‘சேரன் தீவு’. அதனால் ‘சேரன்தீவம்’ என்று மீட்டெடுக்கலாம்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. செரண்டிப் என்பது இலங்கைக்கு அரபியரும் பாரசீகரும் வழங்கிய பெயர். சிங்களத்தீவைக் குறிக்கும் வடமொழிப் பெயரிலிருந்து வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சேரன் தீவு என்பது ஒலி ஒப்புமையைத் தாண்டிச் சான்று காட்டாத ஊகம். அதுகூடப் பெரிதல்ல. வெனிசில் 1557இல் இத்தாலியத்தில் அச்சான கதை பிறமொழிகளுக்குப் போய், அதில் இருந்த ஊர்ப்பெயரை வால்போல் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஊர்ப்பெயரைப் பார்த்துப் பொருள் தெரிந்துகொள்ள ஆங்கிலேயராலேயே முடியாது. அந்தக் குறையை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

இனி, நம் பழமொழிகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். ‘கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல’ – வந்தது நல்லதுதான், ஆனால் தேடிப் போனதே எதிரில் வந்தது. ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ – வெறும் உடனிகழ்வு. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ – நன்மை உண்டு, தேடலே இல்லை. ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்பதுதான் அமைப்பில் மிக நெருக்கம்: ஒன்றைத் தேடித் தோண்டினார்கள், வேறொன்று வந்தது. ஆனால் வந்தது பூதம்! நமக்கு வேண்டியதன் நேர் எதிர்ப்பதம் இது. கெட்டதற்குப் பழமொழி வைத்திருக்கிறோம், நல்லதற்கு வைக்கவில்லை.

இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒன்று தெளிவானது. ‘தற்செயல்’ நம்மிடம் இருக்கிறது, ‘நற்பேறு’ இருக்கிறது, ‘கண்டுபிடிப்பு’ இருக்கிறது. இல்லாதது ‘ஒன்றைத் தேடும்போது வேறொன்று’ என்ற கூறு. ஒரு கலைச்சொல் எல்லாவற்றையும் சுமக்காது. வேறெந்தச் சொல்லும் சுமக்காததைச் சுமந்தால் போதும். அதனால் என் முன்மொழிவு: செரண்டிப்பிட்டி – தேடாப்பேறு, செரண்டிப்பிட்டஸ் – தேடாப்பேறான, வினையடையாகத் ‘தேடாப்பேறாக’.

‘தேடாத பேறு’ என்று பிரித்தும் எழுதலாம். ஆனால் ‘தேடா’ என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (‘தேடாத’ என்பதன் கடைசி எழுத்து உதிர்ந்த வடிவம்) ஒட்டிக்கொண்டு ஒற்றைச் சொல்லாக நிற்கும். தலைப்பிலும் அட்டவணையிலும் அதுதான் வசதி.

கூர்மதி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ‘பெறு’ என்ற வினையில் அது கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். விழுவது வேறு, பெறுவது வேறு. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பாக்டீரியா வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்தது தற்செயல். பூஞ்சை விழுந்த தட்டைத் தூக்கி எறிவதுதான் ஆய்வக வழக்கம். சுற்றிலும் பாக்டீரியா அழிந்திருப்பதைப் பார்த்து நின்றாரே, பெனிசிலினை அங்கேதான் பெற்றார். 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு வானியலாளர்கள் தங்கள் வானலை வாங்கியில் (ஆன்டெனாவில்) போகாத இரைச்சலைத் துரத்தினார்கள். புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள். அந்த இரைச்சலே, பெருவெடிப்பின் எச்சமாக அண்டமெங்கும் பரவியிருக்கும் அண்டப் பின்புலக் கதிர்வீச்சு. வேடிக்கை என்னவென்றால், அதைக் கண்டறியவென்றே பக்கத்தில் பிரின்ஸ்டனில் ஒரு குழு கருவி அமைத்துக்கொண்டிருந்தது. தேடியவர்களுக்கு முன் தேடாதவர்களுக்குக் கிடைத்தது! கொலம்பஸ்தான் இடிக்கிறார். இந்தியாவைத் தேடி வேறு நிலத்தை அடைந்தார். அது வேறு நிலம் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. அவருக்குத் ‘தேடாப்பேறு’ கொடுப்பேனா? மாட்டேன்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

மருத்துவத்தில், ஒன்றுக்காக ஸ்கேன் எடுக்கும்போது வேறு கட்டி தெரிவதைத் ‘தற்செயல் கண்டறிவு’ என்றே வைக்க வேண்டும். நோயாளியின் அறிக்கையில் ‘தேடாப்பேறு’ என்று அச்சிட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

கணினியில், நமக்குப் பிடிக்கும் என்று படங்களையும் பொருள்களையும் காட்டும் பரிந்துரை அமைப்புகளை மதிப்பிடும்போது இச்சொல் ஓர் அளவீடாகவே வருகிறது. அங்கே புதுமை வேறு, இது வேறு. உங்களுக்குப் பிடித்த இயக்குநரின் நீங்கள் பார்க்காத படத்தைக் காட்டினால் அது புதுமை மட்டுமே. இன்றில்லாவிட்டால் நாளை நீங்களே கண்டிருப்பீர்கள். நீங்களாகத் தொடவே மாட்டாத ஒன்றைக் காட்டி, அது உங்களுக்குப் பிடித்தும் போனால் தேடாப்பேறு. அளவீட்டுக்குத் ‘தேடாப்பேற்றளவு’ சரியாக வருகிறது, மகப்பேற்று மருத்துவர் என்பது போல.

பொது எழுத்தில் ஒவ்வொரு இடத்திலும் இந்தப் பெயரடையைப் போட வேண்டியதில்லை. ‘அது ஒரு தேடாப்பேறான சந்திப்பு’ என்பதைவிட ‘தேடாமலே வாய்த்த சந்திப்பு’ என்பது காதுக்கு இதம். தமிழில் பெயரெச்சம் இருக்கும்போது ‘ஆன’வைத் தூக்கிச் சுமப்பானேன்?

‘பேறு’ என்றதும் வீடுபேறு நினைவுக்கு வருகிறது, சமய வாடை அடிக்கிறது என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். ‘தேடாக் கண்டடைவு’ என்ற மாற்றும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. கண்டுபிடிப்புக்குப் பொருந்துகிறது, சந்திப்புக்குப் பொருந்தவில்லை. அதனால்தான் இரண்டாவதாக வைத்தேன்.

அன்புடன்.