கழுத்து, அக்குள் தீக்காயம்: டிஸ்சார்ஜ் ஆன பிறகு பிரஷர் கார்மென்ட், அரிப்பு, பத்தியம்

வைகைக்கரை:
சித்திக்குக் கழுத்து, வலது அக்குள், முழங்கை உள்மடிப்பு வெந்து, ஒட்டுத்தோல் வைத்து வீட்டுக்கு வந்தாச்சு. புண் மூடிவிட்டது. ஆனால் தழும்பு சிவந்து தடிக்கிறது, ராத்திரி ஒரே அரிப்பு. தழும்பை அழுத்திப் பிடிக்கப் போடும் இறுக்கமான எலாஸ்டிக் உடை, அதான் பிரஷர் கார்மென்ட், இந்த வெயிலில் தாங்கவில்லை. பகலில் கழற்றலாமா? முட்டை, கறி கொடுத்தால் சீழ் வைக்கும் என்று பாட்டி வேறு பத்தியம் போடுகிறார்.

பிசியோ செல்வி:
கார்மென்ட் இருக்கட்டும். தலையணை வைத்தா படுக்கிறார்? முதலில் அதை எடுங்கள். துண்டைச் சுருட்டித் தோள்பட்டைக்கு அடியில் வைத்தால் கழுத்து பின்னால் சாய்ந்து முன்பக்கத் தோல் விரியும். கை உடம்பை விட்டு 90 டிகிரி விலகி, முழங்கை நீட்டியபடி இருக்கணும். ஸ்பிளிண்ட் (மூட்டை மடங்காமல் பிடிக்கும் பட்டை) தந்திருந்தால் ராத்திரி கட்டாயம். எந்த நிலையில் வலி தெரியவில்லையோ, அதே நிலையில்தான் தோல் சுருங்கி இறுகும். முகவாய் நெஞ்சோடு இழுத்துவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான்.

மசாஜ் தினம் 3-4 தடவை, 5-10 நிமிடம். வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போதும். தழும்பு வெளுக்கும் அளவு விரலை அழுத்தி, அப்படியே சின்ன வட்டமாக நகர்த்துங்கள். மேலாக வழுக்கித் தேய்த்தால் கொப்புளம்தான் மிச்சம். கைநீட்டும் பயிற்சி மசாஜ் முடிந்த கையோடு, தோல் இளகியிருக்கும்போது.

கதிரவன்:
கழற்றாதீர்கள். 23 மணி நேரம் உடம்பில் இருக்கணும், குளிக்கவும் மசாஜுக்கும் மட்டும் விடுதலை. தழும்பு முதிர 12-18 மாதம் ஆகும். 2 செட் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். கையால் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தணும். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். எப்படிப் பார்த்தாலும் 3 மாதத்தில் தளரும், புது அளவெடுக்கணும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றிக் காட்டுங்கள்.

ஒட்டுத்தோல் வியர்க்காது, அதனால்தான் புழுக்கம் தாங்கவில்லை. ஃபேனுக்கு அடியில் ஈரத்துணி, மதியம் அடுப்படி வேண்டாம். அரிப்புக்கும் அதே ஈரத்துணி, மாய்ஸ்சரைசர். செட்டிரிசின் என்ற அரிப்பு மாத்திரைக்குக் கேட்கவில்லையென்றால் டாக்டர் கபாபென்டின் என்ற நரம்பு மாத்திரை எழுதுவார், நீங்களாக வாங்க வேண்டாம்.

பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: புதுத்தோல் கட்டுவதே புரதத்தால்தான். கிட்னி கோளாறு இல்லையென்றால் முட்டை, மீன், பருப்பு எல்லாம் தாராளமாக.

வைகைக்கரை:
நன்றி. அக்குளில் கார்மென்ட் தையல் உரசிக் கொப்புளம் வந்திருக்கிறதே?

பிசியோ செல்வி:
ஊசியால் குத்தாதீர்கள். பாரஃபின் காஸ் (ஒட்டாத மெழுகுப்பசைத் துணி) வைத்து மேலே கார்மென்ட் போடலாம். தையலை வெளிப்பக்கம் மாற்றித் தரச் சொல்லுங்கள். உடைந்து புண் அகலமானால் அந்த இடத்துக்கு மட்டும் மசாஜை நிறுத்திவிட்டு ஓ.பி.யில் காட்டுங்கள்.