மூன்று சிறுத்தைகள், ஒரே மகாராணா: உதய்ப்பூர் வேட்டைப் படத்தின் நகலில் ஒரு சந்தேகம்

நீலச்சுவர்:
அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பணி ஓய்வு பெறுவதையொட்டி, உதய்ப்பூர் வேட்டைப் படம் ஒன்றின் நகலைக் கையால் வரையச் சொல்லி வரவழைத்தேன். மகாராணா ஃபதே சிங் காலத்துப் படத்தைப் பார்த்து வரைந்தது என்று விற்றவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டரை அடி நீளம். அச்சு இல்லை என்பது உறுதி. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். அச்சுப் புள்ளிகள் எங்கும் இல்லை, ஒவ்வோர் இலையிலும் தூரிகை தொட்டு எடுத்த தடம் தெரிகிறது.

என் குழப்பம் வேறு. வலது ஓரத்தில் கல் கோபுரம் ஒன்றிலிருந்து மகாராணா துப்பாக்கியால் குறிபார்க்கிறார். தலையைச் சுற்றிப் பொன் ஒளிவட்டம். எதிரே பாறை மேல் ஒரு சிறுத்தை. இதுவரை சரி. ஆனால் நடுவில் இன்னொரு சிறுத்தை வெறும் புதரைப் பார்த்துப் பாய்கிறது. கீழே மூன்றாவது சிறுத்தை செத்துக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் நான்கு பணியாட்கள் கைகூப்பி நிற்கிறார்கள். யாரைக் கும்பிடுகிறார்கள்? அவர்களுக்கு எதிரே பச்சைப் புல்வெளிதான் இருக்கிறது. இரண்டு நாட்களாக அந்த நான்கு பேரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூலப்படமே இப்படித்தானா?

கரித்தூள்:
அம்மா, உங்கள் படத்தில் இருப்பது மூன்று சிறுத்தைகள் அல்ல. ஒரே சிறுத்தை. முதலில் பாறை மேல் வெளிப்பட்டது, பிறகு குண்டடி பட்டுப் பாய்ந்தது, கடைசியில் விழுந்து கிடக்கிறது. உதய்ப்பூர் வேட்டைப் படங்களில் ஒரு நாள் வேட்டை முழுவதையும் ஒரே தாளில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லும்போது மகாராணாவும் இரண்டு மூன்று முறை வருவார். ஒவ்வொரு முறையும் ஒளிவட்டத்தோடு வருவதால், கூட்டத்தில் அவரை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

நான் உதய்ப்பூரில் இரண்டு ஆண்டுகள் தங்கி நகலெடுக்கக் கற்றவன். பழைய படத்தின் கோடுகளை ஒரு தாளில் எடுத்து, கோட்டின் வழியே ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிடுவோம். அதைப் புதுத்தாள் மேல் விரித்து, துணியில் கட்டிய கரித்தூளைத் தட்டினால் கோடு புள்ளியாக இறங்கும். அந்த முறையில் நகலெடுத்திருந்தால் மூன்று மகாராணாக்களும் தவறாமல் வந்திருப்பார்கள். எனவே யாரோ வேண்டுமென்றே இரண்டு பேரை நீக்கியிருக்கிறார்கள். சிறுத்தையை விட்டுவிட்டு மனிதரை நீக்கியதால் கதையே அறுந்துவிட்டது. எனக்கு இது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
கரித்தூள் சொல்வது சரி. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைவது, உதய்ப்பூரைத் தலைநகராகக் கொண்ட மேவார் அரசில் பழைய வழக்கம். ஜகத் சிங் மகாராணாவுக்காக 1649 முதல் 1653 வரை எழுதி வரைந்த ராமாயண ஏட்டில், யுத்த காண்டத்தை ஓவியர் சாஹிப்தீன் இப்படித்தான் வரைந்தார். ஒரே பக்கத்தில் ராமர் பல இடங்களில் இருப்பார். அதன் பெரும்பகுதி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நமக்கும் இது புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் சுந்தரர் கதையைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: ஒரே சுவரில் திருமணப் பந்தலும் உண்டு, கயிலைக்குப் போகும் யானையும் உண்டு.

ஃபதே சிங் ஆண்டது 1884 முதல் 1930 வரை. அதற்குள் அரண்மனைக்குப் புகைப்படக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் அவர் சிவலால் போன்ற ஓவியர்களை வைத்துப் பெரிய வேட்டைப் படங்களை வரையச் செய்தார். காரணம் எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது. புகைப்படத்தில் செத்த விலங்கின் பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். காலையில் கோபுரத்தில் காத்திருந்ததையும் மாலையில் திரும்பியதையும் அதே சட்டத்துக்குள் கொண்டுவர ஓவியனால்தான் முடியும். இந்த வகைப் படங்களை நேரில் பார்க்க உதய்ப்பூர் அரண்மனை அருங்காட்சியகம் இருக்கிறது. மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்திலும் உதய்ப்பூர் ஓவியங்களின் நல்ல தொகுப்பு உண்டு.

இன்னொன்று. மலைச்சரிவில் வில்லோடு ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். விலங்கைக் கலைத்து விரட்டும் பீல் பழங்குடி மக்கள் அவர்கள். மேவார் அரசின் சின்னத்திலேயே ஒருபுறம் ராஜபுத்திர வீரனும் மறுபுறம் பீல் வீரனும் நிற்பார்கள். நகலில் முதலில் விடுபட்டுப் போவது அவர்கள்தான்.

நீலச்சுவர்:
இருக்கிறார்கள் ஐயா. பதினொரு பேர். சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் ஒவ்வொருவரும். ஆனாலும் வில்லின் நாண்வரை வரைந்திருக்கிறார்.

உங்கள் இருவருடைய பதிலையும் படித்த பிறகு விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். "ஒரே ஆள் மூன்று முறை வந்தால் பிழை என்று படத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள், அதனால் மறைக்கச் சொன்னோம்" என்று பதில் வந்தது. மறைக்க என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைத் தாளின் ஓரத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன். கைகூப்பிய நான்கு பேருக்கு எதிரே, புல்லின் பச்சைக்கு அடியில் ஒரு வளையம் மேடாகத் தெரிந்தது. ஓரிடத்தில் பச்சை மெலிந்து பொன் மின்னியது. பாயும் சிறுத்தைக்கு எதிரே புதருக்குள் இன்னொரு வளையம். அவர் வரைந்திருக்கிறார்! மூன்று பேரையும் முழுதாக வரைந்து முடித்த பிறகுதான் மூடியிருக்கிறார். என் கணவரை எழுப்பிக் காட்டினேன்.

அந்தப் பச்சையை மட்டும் எடுக்க முடியுமா?

கரித்தூள்:
தயவுசெய்து கைவைக்க வேண்டாம் அம்மா. பிசினில் குழைத்த வண்ணம் அது. ஈரம் பட்டால் மேலே இருக்கும் பச்சையோடு கீழே இருக்கும் முகமும் கரைந்து வந்துவிடும். ஒளிவட்டத்துக்குத் தங்கத் தூளைப் பூசி அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவோம். அந்த வழவழப்பில் மேல்வண்ணம் சரியாகப் பிடிக்காது, அதனால்தான் உங்களுக்கு மின்னியது. வளையம் அவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்றால், வரைந்தவர் மெருகேற்றும் வேலையையும் முடித்திருந்தார் என்று பொருள். அணில் வால் மயிர்த் தூரிகையால் அந்த முகங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளாவது செலவிட்டிருப்பார்.

மறைக்காத படம் வேண்டுமென்றால், மூன்று உருவங்களோடு இன்னொன்று வரைந்து தரும்படி அவரையே கேளுங்கள். கூலியை அவர் கைக்கே சேர்க்க முடிந்தால் நல்லது. சட்டம் போடும்போது கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி சுற்றிலும் அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். நேர்வெயில் படும் சுவர் வேண்டாம்.

நீலச்சுவர்:
எழுதிவிட்டேன். வரைந்தவரோடு நேரடியாகப் பேச இன்று எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் படத்தை அப்படியே வைத்துக்கொள்கிறோம். வெயில் படாத உள்கூடத்துச் சுவரில், பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கோடு மாட்டப்போகிறோம்.