ஒரே மருந்துக்கு இத்தனை விலை ஏன்? மெடிக்கல் கடை அனுபவங்கள்

தஞ்சை மகள்
அப்பாவுக்குச் சர்க்கரைக்கு எம்பாக்ளிஃப்ளோசின் கொடுக்கிறார்கள். மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாயாக இருந்தது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கின, 10 ரூபாய்க்குக் கீழேகூட கிடைத்தது. எங்கள் சீட்டில் மட்டும் பழைய பிராண்டே தொடர்ந்தது. "அண்ணே, இதே மருந்து விலை குறைச்சலா இருக்காமே?" என்று கடையில் கேட்டேன். "இருக்கும்மா. ஆனா சீட்டுல உள்ளதத்தான் தர முடியும், டாக்டர்கிட்ட மாத்தி எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். காசு கொடுப்பது நாம், தேர்ந்தெடுப்பது மட்டும் வேறு யாரோவா?

மருந்தாளுநர், மதுரை
அவர் சொன்னது சட்டம், சகோதரி. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய ஷெட்யூல் எச் மருந்துகளில், உள்ளே இருப்பது அதே சரக்கு என்றாலும் சீட்டில் உள்ளதை மாற்றி நாங்களாகத் தரக்கூடாது.

விலைக்கு வருகிறேன். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தால் மத்திய அரசின் மருந்து விலை ஆணையமான என்பிபிஏ அதன் விலைக்கு உச்சவரம்பு வைக்கும். 1 சதவீதமாவது சந்தைப் பங்குள்ள பிராண்டுகள் கடைகளுக்கு என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துச் சராசரி எடுத்து, அதில் 16 சதவீதம் கடை லாபம் சேர்ப்பார்கள். ஜிஎஸ்டி தனி. மாத்திரை செய்ய எவ்வளவு ஆகிறது என்பது இந்தக் கணக்கிலேயே இல்லை. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. சந்தையே ஏற்றி விற்றால் சராசரியும் ஏறித்தானே நிற்கும்? பட்டியலில் இல்லாத பெரும்பாலான மருந்துகளுக்குக் கம்பெனி வைத்ததுதான் விலை, வருடத்துக்கு 10 சதவீதம்வரை ஏற்றிக்கொள்ளலாம்.

தள்ளுபடி போர்டை நம்பி வராதீர்கள். அட்டையில் அச்சடித்த எம்ஆர்பியில் பாதியைக் குறைத்த பிறகும் கடைக்கு நல்ல லாபம் நிற்கும் ஜெனரிக் (பெரிய பிராண்டு இல்லாத அதே மருந்து) அட்டைகளை நான் கையாண்டிருக்கிறேன். மாத்திரை ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது, அதை மட்டும் கேளுங்கள். உச்சவரம்பு விலை 'ஃபார்மா சஹி தாம்' செயலியில் இருக்கிறது.

கோவை வாசகர்
காப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு எங்கள் பாலிசியில் பைசா கிடையாது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள், இந்த நாட்களில் வாங்கிய மருந்துக்கு மட்டும்தான் பணம். அதற்கும் மருத்துவர் சீட்டும் பேட்ச் எண்ணுள்ள பில்லும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். துண்டுச்சீட்டில் கூட்டிப்போட்ட தொகையை ஏற்கவில்லை. பிரஷர் மாத்திரையை இப்போது, தமிழக அரசுத் திட்டத்தின் மலிவு விலை மருந்துக் கடையான முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறோம்.

தஞ்சை மகள்
நன்றி அண்ணா. டாக்டரிடம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதித் தந்தார். இத்தனை மாதமும் யாரும் கேட்கவில்லையாம்.