புதுப்பிப்பு: தண்டவாளம் இணையத்திலா, கடையிலா?

எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) பொம்மை மாதிரி ரயில் பாதைக்கான பொருள்களை இணையத்தில் வாங்குவதா, உள்ளூர்க் கடையில் வாங்குவதா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். விலை குறைவு என்பதால் உங்களில் பலர் இணையத்தையே பரிந்துரைத்தீர்கள்; நானும் மூன்றடி நீளமுள்ள, வேண்டியபடி வளைத்துக்கொள்ளக்கூடிய வளைதண்டவாளங்களில் ஒரு பெட்டி வரவழைத்தேன்.

பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, இரண்டு துண்டுகளில் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள குறுக்குக் கட்டைகள் கழன்றிருந்தன. அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. என் பழைய பாதை கோட் 100, அதாவது தண்டவாளத்தின் உயரம் 2.54 மில்லிமீட்டர், அவசரத்தில் நான் தேர்ந்தெடுத்ததோ 2.1 மில்லிமீட்டர் உயரமுள்ள கோட் 83. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி அதே 16.5 மில்லிமீட்டர் என்பதால் படத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் சரக்குப் பெட்டி துள்ளித் தடம் புரண்டது.

ஊர்க் கடைக்காரர் துண்டைக் கையில் வாங்கி, விளிம்பை நகத்தால் தடவிய உடனேயே காரணத்தைச் சொல்லி, இரு உயரங்களையும் சேர்க்கும் இணைப்பான்களை எடுத்துக் கொடுத்தார். இனி தண்டவாளமும் எஞ்சினும் கடையில்தான். எஞ்சினை அங்குள்ள சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்த்தே வாங்கலாம். ஜல்லித் தூளும் பசையும் இணையத்தில் வாங்கினால் போதும். நசுங்கிய பெட்டிக்கான பணம் இன்னும் வரவில்லை.